சப்போர்ட்டுக்கு ஆள் உண்டு

எல்லப்பன் முதலாளி என்னை மேனேஜர் ஆக்கியபோது செங்கல்பட்டில் பாதிப் பேர் சிரித்தார்கள். கல்யாண மண்டபத்துக்குப் பொம்பளை மேனேஜரா என்று சமையல் கான்ட்ராக்டர் என் முகத்துக்கு நேராகவே கேட்டார். போன் எடுக்கிற வேலைக்கு வந்தவள் நான். பந்திக்கு இலை குறைந்தால் ஓடியிருக்கிறேன், கரண்டு போனால் ஜெனரேட்டரைத் தட்டி எழுப்பியிருக்கிறேன், சம்பந்தி சண்டையை விலக்கி விட்டிருக்கிறேன். கடைசியில் சாமான் அறை, மணமகள் அறை, பணப்பெட்டி என்று எல்லாச் சாவியும் என் இடுப்புக்கு வந்தன. அந்தச் சாவிக்கொத்துக்குப் பிறகுதான் புருஷன் மோகன்கூட எனக்கு. அவரிடமே இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன், அவரும் சிரித்திருக்கிறார்.

முதலாளிக்கு இரண்டு மண்டபங்கள். பெரியது செங்கல்பட்டில், என் பொறுப்பில். சின்னது திருக்கழுக்குன்றத்தில், அங்கே அம்சா என்கிற பெண் ஆபீஸைப் பார்த்துக்கொண்டாள். எந்த ஆபீஸில் வேண்டுமானாலும் எந்த மண்டபத்தையும் புக் செய்யலாம். சென்னைக்காரன் ஒருவன் விற்ற சாஃப்ட்வேரில்தான் புக்கிங் எல்லாம் இருந்தது. வருஷா வருஷம் ஆடியில் அவனுக்குப் பணம் கட்டினால் ஒரு எண் தருவான். அந்த எண்ணைப் போட்டால்தான் அது அடுத்த வருஷத்துக்குத் திறக்கும். ரிப்பேர் என்று போன் செய்தால் ஒரு பெண் தேனாகப் பேசி, புகாரைப் பதிவு செய்துகொண்டோம் மேடம் என்பாள். அந்தக் கம்பெனியில் பதிவு செய்ய மட்டும்தான் ஆள் இருந்தது போல.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் ஆடி பிறந்ததும் எண் கேட்டு போன் போட்டேன். இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று வந்தது. ஆள் அனுப்பிப் பார்த்தோம். கம்பெனி இருந்த மாடியில் தையல் கிளாஸ் நடந்துகொண்டிருந்தது. நாங்கள் காசு கொடுத்து வாங்கிய சாஃப்ட்வேர், எங்கள் புக்கிங்கையே எங்களுக்குக் காட்ட மாட்டேன் என்று பூட்டிக்கொள்ள இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது.

அதற்குள் எல்லாவற்றையும் வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும். முதலாளி தன் ரூமில் கூட்டம் போட்டார். ஆடிட்டர் ஸ்ரீனிவாசராகவன் வந்திருந்தார். ஸ்டேஷன் ரோட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் என் புருஷனையும் நான்தான் கூப்பிட்டிருந்தேன். லினக்ஸ் என்று ஒன்று இருக்கிறது, ஓப்பன் சோர்ஸ், இலவசம், அதற்கு மாறிவிடலாம் என்பது மோகனின் யோசனை.

முதலாளிக்கு ஓசி என்றாலே சந்தேகம். "ஓசில குடுக்கிறான், சரி. நட்டுகினு நின்னா கூப்டா வருவானா?" என்றார்.

"அதுதான் பாயிண்ட்," என்றார் ஆடிட்டர். "காசு வாங்கிண்டவன்னா சட்டையைப் பிடிச்சுக் கேக்கலாம். இதுல யார் சட்டையைப் பிடிக்கிறது?"

"காசு வாங்குனவரு சட்டையத்தான் இப்பப் புடிக்க முடியலியே சார்," என்றேன். ஆடிட்டருக்குச் சுருக்கென்றிருக்கும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மோகன் முதலாளியின் பக்கம் நாற்காலியை நகர்த்திக்கொண்டார். "முதலாளி, அந்தக் கம்பெனிக்காரன் பூட்டு போட்டுகினு போயிட்டான். இத எவனும் பூட்ட முடியாது. உள்ள இன்னா கீதுன்னு ஊர் உலகத்துல யார் வேணா தொறந்து பாக்கலாம். ரிப்பேர் பண்ணத் தெரிஞ்சவன் எவன் வேணா பண்ணலாம். அப்புறம் சப்போர்ட்டுக்கு நான் கீறேன். மேனேஜரு வூட்லயே மெக்கானிக்கை வெச்சுகினு இன்னா பயம்?"

எனக்கு அப்போது பெருமையாக இருந்தது. அதை மறைக்கவில்லை. முதலாளி என்னைத்தான் பார்த்தார்.

"செல்வி, மோகன் வெளியாளு. எனக்கு உன்னத்தான் தெரியும். நீ ஓகேன்னா மாத்திக்கலாம். ஆனா எதுனா ஏடாகூடமா ஆச்சு, சாவிய வெச்சுட்டு போய்கினே இருக்கணும். அப்புறம் கண்ணக் கசக்கக் கூடாது."

"சரி முதலாளி," என்றேன். பக்கத்தில் புருஷன் உட்கார்ந்திருக்கும்போது எனக்கு என்ன பயம்.

நாங்கள் மாற்றத் தயாரான நாளில்தான் முதலாளிக்குத் திடீரென்று உறைத்தது. "ஆடி மாசமாச்சே! ஆடில புதுசா ஒண்ணத்தையும் தொடக் கூடாதே!" ஆவணிக்குத் தள்ளலாம் என்றார். ஆவணிக்குள் பழையது பூட்டிக்கொள்ளும் என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். கல்யாண மண்டபம் நடத்துகிறவர் ஆடியில் ஆரம்பித்தார் என்று வெளியே தெரிந்தால் எவன் படியேறுவான் என்று அவர் பிடித்த பிடியில் நின்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எங்கள் தொழிலே நல்ல நாளை வைத்துத்தான்.

மோகன் சிரித்தார். "முதலாளி, கம்ப்யூட்டருக்கு நாம சொல்றதுதான் தேதி. ஆனில ஒரு நல்ல நாளு, நல்ல நேரம் சொல்லுங்க. அந்த நாளுக்கே கூட்டினு போயிடறேன்."

முதலாளிக்கு முகம் மலர்ந்துவிட்டது. காலண்டர்த் தாளைப் புரட்டி, ஆனியில் வளர்பிறை முகூர்த்தம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். மோகன் கம்ப்யூட்டரின் தேதியையும் மணியையும் அந்த நாளுக்குப் பின்னால் தள்ளினார். திரையின் மூலையில் ஆனி மாதத்துத் தேதி வந்ததும் சூடம் கொளுத்தினோம், தேங்காய் உடைத்தோம், முதலாளி கையால் முதல் புக்கிங்கை ஏற்றினோம். ஆடிட்டர்கூட "பலே!" என்றார். கம்ப்யூட்டரை ஏமாற்றினோமா, காலத்தை ஏமாற்றினோமா தெரியவில்லை. எல்லோரும் சிரித்தோம், நானும்தான்.

கேசரி சாப்பிட்டு முடித்ததும், "தேதிய சரி பண்ணிட்டுப் போங்க," என்றேன்.

"முதலாளி இருக்கும்போதே மாத்துனா அவரு மனசு ஒரு மாதிரி ஆயிடும். அப்புறமா வந்து மாத்தறேன்."

"எனக்குச் சொல்லிக் குடுங்க, நானே மாத்திக்கிறேன்."

"அதுக்குப் பெரிய பாஸ்வேர்ட் வேணும். அது எங்கிட்டதான் கீது. நீ எதுனா தட்டி வெச்சா மொத்தமும் பூடும். சப்போர்ட்டுக்கு நான் கீறேன்ல, உனக்கு எதுக்கு?"

யார் வேண்டுமானாலும் திறக்கலாம் என்று அவரே பெருமையடித்த சாஃப்ட்வேர் அது. அதற்கும் ஒரு பூட்டுப் போட்டு, சாவியைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுவிட்டார். அதற்குப் பிறகு தேதியைப் பற்றி வீட்டில் எத்தனையோ முறை கேட்டேன். காலையில் இட்லி வைக்கும்போது கேட்டேன். வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகும்போது கேட்டேன். வரேன், வரேன் என்பார். ஆனால் தேதியைத் திருத்த வரவேயில்லை. திருக்கழுக்குன்றத்தில் அம்சாவின் கம்ப்யூட்டர் சரியான தேதியில் ஓடிக்கொண்டிருக்க, என்னுடையது மட்டும் ஐந்து வாரம் பின்னால் ஓடியது.

இரண்டு கம்ப்யூட்டரிலும் ஒரே புக்கிங் இருக்க மோகன் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். ஒவ்வொரு மண்டபத்துக்கும் மாதத்துக்கு ஒரு முகூர்த்த ஃபைல். இரண்டு ஊருக்கும் பாத்திரம் ஏற்றிப் போகிற வேனில் தினமும் ஒரு பென் டிரைவ் போய் வரும். அதைச் சொருகினால் இரண்டு இடத்து ஃபைல்களையும் ஒப்பிட்டுப் பார்த்து, எது கடைசியாகத் தொட்டதோ அதை வைத்துக்கொண்டு, பழையதை அழித்துவிடும். எது பழையது, எது புதியது என்பதைக் கம்ப்யூட்டர் தன் தேதியைப் பார்த்துத்தான் முடிவு செய்யும். செங்கல்பட்டு மண்டபத்து ஃபைலை அம்சா தொடுவதே அபூர்வம் என்பதால் முதலில் ஒரு வம்பும் வரவில்லை.

கன்னியம்மா ஆடி கடைசியில் வந்தாள். கடப்பாக்கத்துக்காரி. எங்கள் ஊர் மார்க்கெட்டில் கருவாடு விற்பவள். புருஷன் இல்லை. மகளுக்குக் கல்யாணம், மாப்பிள்ளை வீடு செங்கல்பட்டு. ஐப்பசியில் முகூர்த்தம் குறித்திருந்தார்கள். மண்டபத்தை ஒரு சுற்று பார்த்தாள். மணமகள் அறையின் நிலைக்கண்ணாடி முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள்.

"பெரிய எடமா கீதேம்மா. எங்களுக்குத் தருவாங்களா?"

"அட்வான்ஸ் கட்டுனா யாருக்கும் தருவோம்."

"எங்க ஆளுங்க வந்தா நாறுதுன்னு சொல்லிடுவாங்களோன்னு பயம்."

"யாரு சொல்றா, நான் பாத்துக்கறேன்," என்றேன். ரசீது எழுதிக் கொடுத்தேன், கம்ப்யூட்டரில் ஏற்றினேன், சேவ் செய்தேன். திரையைத் திருப்பி அவள் பெயரையும் காட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது, ஆனாலும் ஆசையாகப் பார்த்தாள்.

அன்று காலையில் அம்சா அதே ஐப்பசி ஃபைலைத் திறந்து ஏதோ ஒரு போன் நம்பரைத் திருத்தி சேவ் செய்திருக்கிறாள். நான் ஏற்றியது மாலையில். நியாயமாக என்னுடையதுதான் புதியது. ஆனால் என் கம்ப்யூட்டருக்கு அன்றும் ஆனி மாதம்தான். பென் டிரைவ் போய் வந்தபோது, என்னுடையதைப் பழசு என்று அழித்துவிட்டு அம்சாவுடையதை வைத்துக்கொண்டது. கன்னியம்மாவின் பெயர் போய்விட்டது. அடுத்த வாரம் திருக்கழுக்குன்றத்துக்குக் கணக்குப் பார்க்கப் போன ஆடிட்டர், தன் மகள் மதுவந்தியின் கல்யாணத்துக்குச் செங்கல்பட்டு மண்டபம் எப்போது காலி என்று கேட்டார். அம்சா பார்த்தாள். அந்த முகூர்த்தம் காலியாக இருந்தது. கொடுத்துவிட்டாள்.

எனக்கு இது தெரிந்தது புரட்டாசியில். மண்டபக்காரருக்குப் பத்திரிகை வைக்கும் வழக்கம் எங்கள் ஊரில் உண்டு. ஆடிட்டர் வீட்டுப் பத்திரிகை வந்தபோது நான் லீவில் இருந்தேன். முதலாளி மேஜையில் கிடந்ததை மறுநாள் பார்த்தேன். எங்கள் மண்டபம், அந்தத் தேதி, காலை முகூர்த்தம். யாருக்கோ கொடுத்த ஞாபகமாக இருக்கிறதே என்று நான் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, கன்னியம்மா தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழத்தோடு தன் மகளின் பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தாள். அதிலும் அதே தேதி, அதே மண்டபம். தாம்பாளத்தை வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்வது என்று அந்த நிமிஷம் தெரியவில்லை.

ஃபைலைத் திறந்து பார்த்தேன். அவள் பெயரே இல்லை. இது எப்படி என்று மோகனுக்கு போன் போட்டேன். கஸ்டமர் இடத்தில் இருக்கிறேன், அப்புறம் பேசு என்றார். மூலையில் இருந்த தேதியின் மேல்தான் எனக்குச் சந்தேகம். ஆனால் சந்தேகத்தை முதலாளியிடம் சொல்ல முடியாது. பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டருக்குப் போய், லினக்ஸ்காரர்கள் ஒருவருக்கொருவர் சந்தேகம் கேட்டுக்கொள்ளும் மெயில் குழு ஒன்றில், நடந்ததை எனக்குத் தெரிந்த மாதிரி எழுதிப் போட்டேன். மறுநாள் போய்ப் பார்த்தால் மூன்று பேர் பதில் எழுதியிருந்தார்கள். அதில் அச்சுதன் என்று ஒருவர், எந்த ஊரோ, முகம் தெரியாதவர், பக்கம் பக்கமாக விளக்கியிருந்தார். உங்கள் மேல் தப்பில்லை அக்கா, கடிகாரம்தான் காரணம், சந்தேகமென்றால் இப்படிச் செய்து பாருங்கள் என்று வழியும் சொல்லியிருந்தார். அவர் சொன்னபடி, அம்சா அன்று தொட்டிருந்த ஒரு ஃபைலில் ஒரு பொய்ப் பெயரை ஏற்றிப் பார்த்தேன். பென் டிரைவ் போய் வந்ததும் அதுவும் காணாமல் போனது.

ஓசியில் கொடுக்கிறவன் கூப்பிட்டால் வருவானா என்று கேட்டாரே முதலாளி, வந்தான். கூப்பிட்ட மறுநாளே மூன்று பேர் வந்தார்கள். எனக்கு அழுகை வந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மோகனை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் காபியை ஆற்றிக்கொண்டே கேட்டார். மறுத்துப் பேசவில்லை.

"ஆமா, டைம்தான். மாத்தணும் மாத்தணும்னு இருந்தேன், தள்ளிப் போயிடிச்சு."

"ரெண்டு பத்திரிகையும் முதலாளி பாத்துட்டாரு. நாளைக்கு எல்லாரையும் கூப்டுவாரு. இத அப்படியே சொல்லிடுங்க. நான் சொன்னா தப்பிக்கப் பாக்கறான்னு நினைப்பாரு. கம்ப்யூட்டர் ஆளு நீங்க சொன்னாத்தான் நம்புவாரு."

"சொல்லிடறேன்."

"என் சாவி போயிடும்ங்க."

"அட, சொல்லிடறேன்றேன்ல. எனக்கு உன்ன வுட்டா யாரு கீறா?" என் தலையைத் தடவிக் கொடுத்தார். அன்றைக்கு நான் நிம்மதியாகத் தூங்கினேன் என்பதை நினைத்தால்தான் இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

மறுநாள் முதலாளியின் ரூமில் ஆடிட்டர் ஒரு பக்கம், கன்னியம்மா ஒரு பக்கம். அம்சாவும் வந்திருந்தாள். கன்னியம்மா ரசீதை மேஜையில் வைத்து அதன் மேல் கையை ஊன்றிக்கொண்டிருந்தாள்.

"ரசீது கீது, சரி. கம்ப்யூட்டர்ல காணோமே?" என்றார் முதலாளி. "செல்வி, இன்னா நடந்துது?"

"ஆனி மாசத் தேதிய மாத்தாம வுட்டதால, நான் ஏத்துனத பழசுன்னு அழிச்சிடுச்சு முதலாளி. இவரு சொல்லுவாரு," என்று மோகனைக் காட்டினேன்.

முதலாளியின் முகம் சுருங்கியது. நல்ல நேரம் பார்த்துக் கொடுத்தவர் அவர். "இன்னாப்பா மோகன், நான் சொன்ன நேரத்தாலயா இது?"

மோகன் என்னைப் பார்க்கவில்லை. மேஜை மேல் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்தார்.

"இல்ல முதலாளி. அந்தத் தேதி சும்மா திரையில காட்டறதுக்குத்தான். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

முதலாளி மூச்சை விட்டார். "அப்போ?"

"ரசீது போட்டுட்டு கம்ப்யூட்டர்ல சேவ் பண்ண மறந்திருக்கணும். ஓப்பன் சோர்ஸ்ல அது ஒரு கஷ்டம், நாமதான் கவனமா இருக்கணும். வேலை நெருக்கடில மனுஷங்களுக்கு வர்றதுதான். செல்வி நல்லாதான் பாத்துக்கறா, அன்னிக்கு ஒரு நாளு..." என்று எனக்காகப் பரிந்து பேசுவது போல இழுத்தார்.

"யோவ்!" என்றேன். நான்கு பேர் எதிரில் புருஷனை யோவ் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "நேத்து வூட்ல இன்னாய்யா சொன்ன? டைம்தான்னு சொன்னியா இல்லியா?"

"பாருங்க முதலாளி, டென்ஷன்ல கீறா," என்றார் மோகன்.

நான் பொய்ப் பெயர் ஏற்றிப் பார்த்ததைச் சொன்னேன், அச்சுதன் எழுதியதைச் சொன்னேன். முகம் தெரியாதவன் எழுதினதை வைத்து எப்படிம்மா என்றார் ஆடிட்டர். முதலாளி அப்போதே தீர்ப்பு சொல்லிவிட்டார். ஆடிட்டர் மகளுக்குச் செங்கல்பட்டு மண்டபம். கன்னியம்மாவுக்குத் திருக்கழுக்குன்றத்து மண்டபம், வாடகை வேண்டாம், வேனும் விடுகிறேன் என்றார்.

கன்னியம்மா ரசீதை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு என்னிடம் திரும்பினாள். "பேர காட்டுனியேம்மா, திருப்பிக் காட்டுனியே. எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு சும்மாவா காட்டுன?" என்னைக் கைவிட்டவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவள் கணக்கில் அவளைக் கைவிட்டவள் நான்தான்.

எல்லோரும் போன பிறகு சாவிக்கொத்தை மேஜையில் வைத்தேன். இடுப்பு இலேசாகிவிட்டது, அது சகிக்கவில்லை.

மோகன் எதற்காக அப்படிச் சொன்னார் என்பது வீட்டில்தான் தெரிந்தது. முட்டுக்காட்டில் போட் ஹவுஸுக்குப் பக்கத்தில் முதலாளி ரிசார்ட் ஒன்று கட்டிக்கொண்டிருந்தார். அதற்குக் கம்ப்யூட்டர், கேமரா, பில்லிங் எல்லாம் மோகனுக்கு என்று பேச்சு நடந்துகொண்டிருந்ததாம். எனக்குச் சொல்லவேயில்லை.

"அவரு குறிச்சுக் குடுத்த நேரத்தாலதான் கல்யாணம் கெட்டுதுன்னு அவரு மூஞ்சிக்கு எதுர்ல சொல்லச் சொல்றியா? காண்ட்ராக்ட் அத்தோட கோவிந்தா. இது வந்துச்சுன்னா நீ வேலைக்கே போவ வேணாம் செல்வி. யாருக்காகப் பண்ணேன், நம்ம குடும்பத்துக்குத்தானே?"

"உன் தப்ப என் தலையில கட்டுன."

"தப்பு யார் மேல இருந்தா இன்னா? நீயும் நானும் ஒண்ணுதானே?"

ஒன்றுதான். லாபம் வரும்போது அவர் கணக்கில் ஒன்று, பழி வரும்போது என் கணக்கில் ஒன்று. அன்றைக்கு நான் சோறு பொங்கவில்லை. அவர் ஹோட்டலில் பார்சல் வாங்கி வந்து எனக்கும் சேர்த்துப் பிரித்து வைத்தார். அவரைப் பொறுத்தவரை சண்டை முடிந்துவிட்டது.

என் சம்பளப் பாக்கியும் டிபன் பாக்ஸும் ஆபீஸிலேயே இருந்தன. பத்து நாள் கழித்துப் போனேன். முதலாளி நாஸ்தா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உட்காரும்மா என்றார். உட்காரவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் முதலாளி. இத்தினி வருஷம் நான் எதையாச்சும் சேவ் பண்ணாம, எழுதாம, பூட்டாம வுட்டுட்டுப் போயிருக்கேனா? தேதிய மாத்துனது உங்க கண்ணு எதுர்லதானே? உங்களுக்கு ஒரு சந்தேகம்கூட வரலியா?"

அவர் கையைக் கழுவினார். மெதுவாகத் துடைத்தார்.

"வந்துதும்மா. ஒருவேளை அதாலதான் இருக்குமோன்னு எனக்கும் பட்டுது. ஆனா கட்டுன புருஷன், எம் பொண்டாட்டி தப்புன்னு நாலு பேரு எதுர்ல சொல்றான். எவனாவது பொண்டாட்டிய அப்படிப் பொய்யா சொல்லுவானா? வேற எந்த மெக்கானிக்கு சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன். உன் புருஷன் சொன்னானே, இன்னா பண்ணச் சொல்ற?"

டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வெயிலில் ஸ்டேஷன் வரைக்கும் நடந்தேன். அவர் சொன்னதை எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் தப்புச் சொல்ல முடியவில்லை. பொய் எடுபட்டதே, சொன்னவர் என் புருஷன் என்பதால்தான்.

ஐப்பசியில் திருக்கழுக்குன்றத்துக்குப் போனேன். கன்னியம்மா மகளின் கல்யாணம். கூப்பிடாமல்தான் போனேன். மண்டப வாசலில் அவள் என்னைப் பார்த்தாள். வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. சந்தனக் கிண்ணத்தை என் பக்கம் நீட்டிவிட்டு வேறு ஆளைப் பார்க்கப் போனாள். மொய் எழுதிவிட்டு, சாப்பிடாமல் பஸ் ஏறினேன்.

முட்டுக்காடு காண்ட்ராக்ட் மோகனுக்கே கிடைத்தது. கடையைப் பெரிதாக்கினார், கண்ணாடிக் கதவு போட்டார், ஓப்பன் சோர்ஸ் மாற்றித் தரப்படும், சப்போர்ட் உண்டு என்று நோட்டீஸ் அடித்து மாமல்லபுரம் வரைக்கும் கொடுத்தார். வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதற்குக் கடைக்கு வந்து போன் எடேன் என்றார். போன் எடுப்பதில் ஆரம்பித்தவள் மறுபடியும் போன் எடுக்க உட்கார்ந்தேன். எனக்கும் அந்த வீட்டை விட்டு வெளியே போக ஓர் இடம் தேவைப்பட்டது.

தை மாதம் ஒரு நாள் காலையில் போன் வந்தது. மாமல்லபுரத்தில் லாட்ஜ் நடத்தும் ஜெயகிருஷ்ணன் என்றார். மரியாதையான குரல். நோட்டீஸ் பார்த்தாராம். நிறைய கேள்வி வைத்திருந்தார். மாற்றினால் பழைய பில் எல்லாம் வருமா, சீசனில் நின்றுபோனால் என்ன செய்வது, இலவசம் என்பதால் பயமாக இருக்கிறது என்றார். தெரிந்ததைச் சொன்னேன். எனக்கு இப்போது நிறையவே தெரியும்.

"கடைசியா ஒண்ணுங்க. சாஃப்ட்வேர் எப்படியோ போகட்டும், பிரச்சனைன்னா உங்க சார் வந்து நிப்பாரா? நம்பலாமா? நீங்க அங்க ஸ்டாஃபா?"

"இல்ல சார். நான் அவரு வூட்டுக்காரி."

"அப்போ நல்லதாப் போச்சு!" என்று சிரித்தார். "வீட்டுக்காரம்மாவே சொன்னா அதுக்கு மேல என்ன வேணும். நீங்களே சொல்லுங்கம்மா."

மோகன் எதிரில் ஒரு கம்ப்யூட்டரைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார். பெரிய இடம் என்று புரிந்துவிட்டது. சொல்லு, சொல்லு என்று ஸ்க்ரூடிரைவரால் எனக்கு ஜாடை காட்டினார்.

"சார், அந்த சாஃப்ட்வேர் நல்லது. தைரியமா மாத்துங்க. சந்தேகம்னா கேளுங்க, முகம் தெரியாதவங்ககூட வந்து சொல்லிக் குடுப்பாங்க. பாஸ்வேர்ட மட்டும் உங்க கையிலயே வெச்சுக்கோங்க," என்றேன். "ஆனா சப்போர்ட்டுக்கு வேற ஆளப் பாருங்க. எங்க வூட்டுக்காரர நம்பாதீங்க. மாட்டிக்கிட்டா பழிய உங்க தலையில போட்டுட்டுப் போயிடுவாரு."

ஜெயகிருஷ்ணன், "ரொம்ப நன்றிம்மா," என்றார். அவர் குரலிலேயே தெரிந்தது, நான் சொன்னதில் ஒரு சொல்லையும் அவர் சந்தேகப்படவில்லை. ரிசீவரை வைத்தேன்.

மோகன் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். "நீ எம் பொண்டாட்டிதானே?" என்றார்.

"அதனாலதான் அவரு நம்புனாரு," என்றேன்.